பட்டியல் முதலில், மூட்டை அப்புறம்: கஷ்டத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு உதவக் கிளம்பும் இளைஞர்களுக்கு

நாங்கள் முதன்முதலாக இந்த வேலையில் இறங்கியபோது எங்கள் குழுவில் ஒருவருக்கும் 18 வயதுகூட நிறையவில்லை. 12 வீடுகளுக்குப் பள்ளிப் பை வாங்கிக் கொடுப்பது என்று ஒரு மாலையில் உட்கார்ந்து முடிவெடுத்து, காசு திரட்டி, பை வாங்கி, ஒவ்வொன்றிலும் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர் வேறு ஒட்டி எடுத்துக்கொண்டு போனோம். நான்காவது வீட்டில் கதவைத் திறந்த அம்மாவுக்குப் பின்னால், சுவரில், ஒரே ஆணியில் மூன்று புதுப் பைகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றில் விலைச் சீட்டுகூட இன்னும் பிய்க்கப்படவில்லை. எங்களுக்கு முன்னால் வேறு யார் யாரோ வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த அம்மா சிரித்த முகத்தோடு நான்காவது பையையும் வாங்கிக்கொண்டார். இரண்டாவது மகள் அந்த ஸ்டிக்கரில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க, பையை மூக்குக்குப் பக்கத்தில் தூக்கிக்கொண்டு போனாள். அந்த வீட்டுக்கு வேண்டியிருந்தது ஒரு மூக்குக்கண்ணாடி. கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். நாங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் இதைப் படிக்கும் உங்களுக்கு நான் முதலில் சொல்வது, பொருள் சேர்க்கத் தொடங்காதீர்கள் என்பதுதான். முதல் இரண்டு வாரம் ஒரு பொருளும் உங்கள் கைக்கு வரக் கூடாது. அந்த இரண்டு வாரமும் கேட்பதற்கு. கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. உலகின் முதல் உணவு வங்கி என்று சொல்லப்படுவது 1967இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் தொடங்கியது. தொடங்கியவர் ஜான் வான் ஹெங்கல். ஆனால் யோசனை அவருடையது இல்லை. கடைகளின் குப்பைத் தொட்டியில் கிடைப்பதை எடுத்துத் தன் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்த ஒரு தாய், பணத்தை வங்கியில் போட்டு எடுப்பது மாதிரி உணவைப் போட்டு எடுக்க ஓர் இடம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவரிடம் சொன்னாராம். ஹெங்கல் செய்த நல்ல காரியம், அதைக் காதில் வாங்கிக்கொண்டது.

ஆள்

பெயர் கொடுக்க நிறையப் பேர் இருப்பார்கள், நேரில் வருபவர்கள்தான் குறைவு. வாட்ஸ்அப் குழுவில் 30 பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் 9 பேர் வந்து நிற்பார்கள், அதிலும் இரண்டு பேருக்கு மதியத்துக்கு மேல் வேறு வேலை இருக்கும். இதில் கோபப்பட ஒன்றும் இல்லை. அந்த ஏழு பேரை வைத்து என்ன செய்ய முடியுமோ அதற்குத் திட்டம் போடுங்கள். ஏழு பேர் இருந்தால் முதல் தடவை 10 குடும்பத்தைத் தாண்ட வேண்டாம். 50 குடும்பம் என்று அறிவித்துவிட்டு 31இல் மூச்சு வாங்கி நின்றால், மீதி 19 வீட்டுக்கு யார் போய்ப் பதில் சொல்வது?

தலைவர் யார், குழுவுக்கு என்ன பெயர், சின்னம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வாரத்தைத் தின்றுவிடாதீர்கள். நான்கு வேலை, நான்கு ஆள் போதும். பட்டியல் ஒருவரிடம், காசு ஒருவரிடம், பொருள் ஒருவரிடம், வண்டி ஒருவரிடம். மற்றவர்கள் இந்த நான்கு பேருக்கும் கை கொடுப்பார்கள். காசு வைத்திருப்பவரும் பொருள் வாங்குபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. உயிர் நண்பனாக இருந்தாலும் சரி. உயிர் நண்பனாக இருந்தால் இன்னும் கவனமாக இருங்கள், ஏனென்றால் கணக்கு உதைக்கும்போது கூடவே நட்பும் போகும்.

18 வயது நிறையாதவர்கள் குழுவில் இருந்தால் பொறுப்பான பெரியவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை பொதுவாக 18 வயதுக்குக் கீழே இருப்பவரைக் குழந்தை என்றுதான் சொல்கிறது. நீங்கள் உதவி செய்யப் போகிறவராக இருந்தாலும் இந்தக் கணக்கில் நீங்களும் குழந்தைதான். ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் எழுத்தில் சம்மதம் வாங்கி வையுங்கள். பெரியவர் வந்தால் எல்லாவற்றையும் அவரே எடுத்துச் செய்துவிடுவாரே என்று பயமாக இருந்தால், அவருக்கும் ஒரு வேலையைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: ஓட்ட உரிமம் இருக்கிறதா, வண்டி ஓட்டட்டும். அடிபட்டால், சண்டை வந்தால், காசு குறைந்தால் முன்னால் வந்து நிற்கட்டும். மற்றபடி முடிவு உங்களுடையது.

குடும்பங்களை எப்படிக் கண்டுபிடிப்பது

தெருத்தெருவாகப் போய்க் கதவைத் தட்டி "உங்களுக்கு ஏதாவது உதவி வேண்டுமா" என்று கேட்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது யார் ஆமாம் என்று சொல்வார்கள்? ஆமாம் என்று சொல்கிறவர்களைவிட, இல்லை தம்பி என்று கதவைச் சாத்துகிறவர்களுக்குத்தான் பல நேரம் தேவை அதிகம். ஏற்கனவே அந்தக் குடும்பங்களோடு பழகி, அவர்களின் நம்பிக்கையைப் பெற்றவர்கள் இருப்பார்கள். பள்ளி ஆசிரியர், ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ், சமூகப் பணியாளர், வழிபாட்டுத் தலத்தில் பொறுப்பில் இருப்பவர், அந்தப் பகுதிச் சங்கத்து ஆட்கள். இவர்களில் இரண்டு பேரிடமாவது போய்ப் பேசுங்கள். ஒருவரை மட்டும் நம்பினால் அவருக்கு வேண்டியவர்கள் பெயர் மட்டும் வரும். வேண்டுமென்றே செய்கிறார் என்று சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தவர்களைத்தானே அவர் சொல்ல முடியும்.

அவர்களிடம் பெயரும் போன் நம்பரும் கேட்காதீர்கள். "நாங்கள் இப்படி ஒரு குழு, இன்ன மாதம் இவ்வளவு செய்ய முடியும், விருப்பம் உள்ள குடும்பங்களிடம் எங்கள் நம்பரைக் கொடுங்கள், அல்லது அவர்கள் சம்மதித்தால் அவர்கள் நம்பரை எங்களிடம் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். சம்மதம் இல்லாமல் வந்த பெயர் பட்டியலில் ஏறக் கூடாது. அப்புறம், அந்த நம்பர் யாருடைய சொந்த நம்பராகவும் இருக்க வேண்டாம். ஒரு பழைய போன், ஒரு சிம், குழுவுக்கென்று தனியாக. வேலை முடிந்த பிறகும் இரவு 11 மணிக்கு யாராவது கூப்பிட்டால் உங்களால் எடுக்கவும் முடியாது, எடுக்காமல் இருக்கவும் முடியாது.

போனில் பேசுவதைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இங்கேதான் பலர் சொதப்புகிறார்கள். நாங்கள் இரண்டாவது தடவை பேசியது கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

"வணக்கம் அக்கா, டீச்சர் உங்களிடம் சொல்லியிருப்பதாகச் சொன்னார்கள். இப்போது பேசலாமா, இல்லை அப்புறம் கூப்பிடட்டுமா?"

"சொல்லுப்பா."

"வீட்டில் எத்தனை பேர் அக்கா, வயது மட்டும் சொன்னால் போதும்."

வயதைச் சொன்னார். அப்புறம் நான் கேட்டது, "இந்த மாதம் எது இல்லாமல் ரொம்பச் சிரமமாக இருக்கிறது?" கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "போர்வை எல்லாம் கொடுப்பீங்களோன்னு நினைச்சேன், அது அஞ்சு இருக்கு. பெரியவனுக்குச் செருப்பு இல்லை. கொடுக்க முடியுமா தெரியலை" என்றார். அந்தக் கேள்விக்குப் பதிலாக "என்ன வேண்டும்" என்று கேட்டிருந்தால் "எது கொடுத்தாலும் சரிப்பா" என்றுதான் பதில் வந்திருக்கும். எது இல்லாமல் சிரமம் என்று கேட்டதால் செருப்பு வந்தது. கடைசியாக ஒன்றையும் கேளுங்கள்: "எது வேண்டவே வேண்டாம்?" இதற்குத்தான் மனம் திறந்து சிரிப்பார்கள்.

கேட்கக் கூடாதது: கணவர் எங்கே, வேலை ஏன் போயிற்று, கடன் எவ்வளவு. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், எழுதிக்கொள்ளாதீர்கள். ஒரு ஜோடிச் செருப்புக்கு ஒருவர் தன் முழுக் கதையையும் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. முடியாததற்குத் தலையாட்டவும் வேண்டாம். வாடகை கேட்டால், "அது எங்களால் முடியாது அக்கா, டீச்சரிடம் சொல்கிறேன், அவர்களுக்கு வழி தெரிந்திருக்கலாம்" என்று அப்போதே சொல்லிவிடுங்கள். "பார்க்கிறேன்" என்பது மிக மோசமான பதில். அவர்கள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

பட்டியல்

இரண்டு தாள். ஒன்றில் குடும்ப எண், பெயர், முகவரி, போன். இது பட்டியல் பொறுப்பாளரிடமும் அந்தப் பெரியவரிடமும் மட்டும். இன்னொன்றில் எண் மட்டும், அதன் எதிரே தேவை. குழு முழுக்கச் சுற்றுவது இரண்டாவது தாள்தான். "குடும்பம் 7: 4 பேர், பையன் 13 வயது, பாதம் 24 செ.மீ.; பாப்பா 9 கிலோ; மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை; மாலை 6 மணிக்கு மேல்தான் ஆள் இருப்பார்கள்." இவ்வளவு தெரிந்தால் வாங்கலாம், கட்டலாம், கொண்டு போகலாம். பெயர் எதற்கு? உங்கள் குழுவில் ஒருவன் அந்த 13 வயதுப் பையனோடு ஒரே பள்ளியில் படிக்கலாம். திங்கட்கிழமை அவன் புதுச் செருப்போடு வரும்போது அது எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் யாருக்கும் தெரியக் கூடாது.

அளவுகளில் கொஞ்சம் மெனக்கெடுங்கள். செருப்பு, ஷூவுக்கு நம்பர் கேட்டால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு தாளில் காலை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, குதிகாலிலிருந்து நீளமான விரல் நுனி வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து சொல்லச் சொல்லுங்கள். வளரும் பிள்ளைக்கு ஒரு சென்டிமீட்டர் கூட்டி வாங்கலாம். டயபருக்கு மாதம் கேட்காமல் எடை கேளுங்கள். சானிட்டரி நாப்கின் பற்றி ஒரு பையன் போனில் கேட்டால் பதில் வராது. குழுவில் இருக்கும் ஒரு பெண் பேசட்டும், அல்லது பொருட்கள் வரிசையாக எழுதிய தாளை அனுப்பி டிக் அடித்துத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். எங்கள் அனுபவத்தில் அந்தத் தாளில் அதிகம் டிக் விழுந்தது இதற்குத்தான், வாயால் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

உணவுப் பொருள் என்றால் வீட்டுக்கு ஒரு மூட்டை என்று போடாதீர்கள், தலைக்கு இவ்வளவு என்று போடுங்கள். இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கும் ஏழு பேர் இருக்கும் வீட்டுக்கும் ஒரே பை போவது பார்க்கச் சமமாக இருக்கும், பசிக்குச் சமம் இல்லை. பேரிடர் நிவாரணத்தில் வேலை செய்பவர்கள் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கிலோ கலோரி என்பதைத் தொடக்கக் கணக்காக வைத்துக்கொள்கிறார்கள். 400 கிராம் தானியத்தில் சுமார் 1,400 கிடைத்துவிடும். மீதி பருப்பு, எண்ணெய் மாதிரியானவற்றிலிருந்து வர வேண்டும். அந்தக் கணக்கில் 5 பேர் வீட்டுக்கு நாளுக்கு 2 கிலோ தானியம், 15 நாளுக்கு 30 கிலோ. 30 கிலோ மூட்டையை மூன்றாம் மாடிக்கு யார் தூக்குவது? இதை மேசையில் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். 10 கிலோவாக மூன்று பை கட்டலாம், அல்லது முழுத் தேவையையும் நாம் தீர்ப்பதில்லை, 5 நாளுக்கு மட்டும் என்று முடிவெடுக்கலாம். எந்த முடிவானாலும் குடும்பத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எப்போது

பண்டிகைக் காலத்தை விட்டுவிடுங்கள். எல்லோருக்கும் மனம் இளகும் வாரம் அது. ஒரே வாரத்தில் ஒரே வீட்டுக்கு ஐந்து பை வரும், அடுத்த நான்கு மாதத்துக்கு ஒருவரும் வர மாட்டார்கள். பள்ளி திறப்பதற்கு இரண்டு வாரம் முன்னால், மழையோ குளிரோ தொடங்குவதற்கு முன்னால், அல்லது சும்மா ஒரு மாதக் கடைசி. அந்த நேரத்தில் நன்கொடை கொஞ்சம் குறைவாகத்தான் வரும், ஆனால் வந்தது சரியான இடத்தில் விழும். டிசம்பர் 5 உலகத் தன்னார்வலர் நாள், ஆகஸ்ட் 12 உலக இளைஞர் நாள் என்று நாள் பார்த்துத் தொடங்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. நாளைக் காட்டிப் பள்ளியில் அனுமதி வாங்க அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் அந்த நாளில் அந்த வீட்டில் என்ன தேவை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பொருளா, காசா

இதில் எனக்கு ஒரு பக்கச் சாய்வு உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முடிந்தால் கடைக் கூப்பன் கொடுங்கள். 2016இல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான உச்சி மாநாட்டில், பெரிய நிவாரண அமைப்புகளும் நிதி கொடுக்கும் நாடுகளும் இனி நேரடிப் பணத்தை அதிகம் பயன்படுத்துவோம் என்று ஒப்புக்கொண்டன. பணத்தைத் தின்றுவிடுவார்கள், குடித்துவிடுவார்கள் என்று சொல்பவர் உங்கள் குழுவிலும் ஒருவர் இருப்பார். அவரை அந்தப் போன் பேச்சில் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஆனால் மாணவர்கள் கையில் ரொக்கத்தைக் கொடுத்து வீடு வீடாக அனுப்புவதும் ஆபத்து. பக்கத்துக் கடைக்காரரிடம் பேசி, அவர் முத்திரை போட்ட சீட்டைக் கொடுத்து, குடும்பம் தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொண்டு, மாதக் கடைசியில் நீங்கள் கடையில் கணக்குத் தீர்ப்பது நடுவழி. கடைக்காரர் சீட்டைப் பார்த்ததும் "ஓ, இலவசமா" என்று எல்லோர் முன்னாலும் கேட்கிற ஆளா என்று மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

கேட்டு எழுதுவது

பட்டியல் கையில் வந்த பிறகுதான் நன்கொடைக்கான செய்தி. "ஏழைகளுக்கு உதவுங்கள், உங்களால் முடிந்ததைத் தாருங்கள்" என்று எழுதினால் முடிந்தது வரும், அதாவது அலமாரியில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பது எல்லாம் வரும். 2012இல் அமெரிக்காவின் நியூடவுனில் பள்ளித் துப்பாக்கிச்சூடு நடந்த பிறகு, சுமார் 27 ஆயிரம் பேர் வாழும் அந்த ஊருக்கு 60 ஆயிரத்துக்கும் மேல் கரடி பொம்மைகள் வந்து குவிந்தன. அனுப்பிய ஒவ்வொருவர் மனமும் நல்ல மனம்தான். அதை வாங்கி வைக்கக் கிடங்கு பார்த்தவர்கள், பிரித்தவர்கள் பாட்டைத்தான் யாரும் யோசிக்கவில்லை.

அதனால் குறிப்பாக எழுதுங்கள். இப்படி: "13 வயதுப் பையனுக்கு 25 செ.மீ. ஷூ ஒன்று, புதிது. 9 கிலோ குழந்தைக்கு டயபர் 4 கட்டு. எழுதாத நோட்டு 40. இதைத் தவிர வேறு எதுவும் இப்போது வேண்டாம். 14ஆம் தேதி, 15ஆம் தேதி மாலை 5 முதல் 7 வரை மட்டும் வாங்கிக்கொள்வோம். முன்கூட்டியே யார் எது தருகிறீர்கள் என்று சொல்லுங்கள்." ஒன்று கிடைத்ததும் பட்டியலில் அடித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். குறையக் குறைய ஆட்களுக்கு ஆர்வம் ஏறும். பொருள் வாங்க இரண்டு மாலைதான் என்பதில் பிடிவாதமாக இருங்கள், இல்லையென்றால் உங்கள் வீட்டு வராந்தா மூன்று மாதத்துக்குப் பழைய துணிக் கடையாக இருக்கும், அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது நீங்கள்.

சிலவற்றை வாங்கவே கூடாது. பிரித்த மருந்து, பிரிக்காத மருந்து, எந்த மருந்தும். பயன்படுத்திய உள்ளாடை. வீட்டில் சமைத்த உணவு: சூடான உணவை 60 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே வைத்திருக்க வேண்டும், குளிர்ந்ததை 5 டிகிரிக்குக் கீழே, வெளியே வைத்தால் 2 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. 10 வீட்டுக்குக் கொண்டு போகும் முதல் குழுவால் இதைக் காப்பாற்ற முடியாது, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். குழந்தைப் பால் பவுடர்: தாய்ப்பாலுக்கு மாற்றானவற்றை இஷ்டத்துக்கு விநியோகிப்பதைத் தடுக்க 1981லேயே உலக சுகாதார மாநாடு ஒரு நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருக்கும் தாய் கையில் இலவச டப்பா ஒன்றைக் கொடுத்தால், பால் குறைந்து, டப்பா தீர்ந்து, அப்புறம் அவர் எங்கே போவார்? குழந்தை ஏற்கனவே பவுடர் குடிக்கிறது என்றால் நர்ஸிடம் கேட்டு, அதே வகையாக, அந்த வீட்டுக்கு மட்டும்.

காசு

காசை எண்ணும்போது இரண்டு பேர், இருவரும் கையெழுத்து. ஐம்பது காசாக இருந்தாலும் ரசீது. ஒருவருடைய சொந்தக் கணக்குக்கு க்யூஆர் கோடு போட்டுவிட்டால், அவர் டீ குடித்த காசும் நன்கொடையும் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும், பிரிக்கவே முடியாது. பள்ளியோ சங்கமோ தன் கணக்கில் வாங்கி வைக்க ஒப்புக்கொண்டால் நல்லது. வாரம் ஒரு தடவை வரவு, செலவு, கையிருப்பு என்று மூன்று வரி, கொடுத்த எல்லோருக்கும் அனுப்புங்கள். பை, டேப், பிரிண்ட், பெட்ரோல், வேலை செய்கிறவர்களுக்குத் தண்ணீர் இதற்கெல்லாம் பத்தில் ஒரு பங்கு ஒதுக்குங்கள், அதை மறைக்காதீர்கள். மீந்தால் என்ன செய்வது என்பதைக் காசு வாங்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும். மீந்த பிறகு பேசினால் ஆளுக்கு ஒரு நியாயம் சொல்வார்கள்.

பிரிப்பதும் கட்டுவதும்

மூன்று பெட்டி வையுங்கள்: போகலாம், சரிசெய்யணும், வேண்டாம். ஒவ்வொரு ஜிப்பையும் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். சட்டையின் அக்குள் பகுதியை முகர்ந்து பாருங்கள். பென்சில் பெட்டியைத் திறந்து பாருங்கள், புதிர் அட்டையில் துண்டுகளை எண்ணுங்கள், காலாவதித் தேதியைப் படியுங்கள், குடும்பத்துக்குப் போய்ச் சேரும் நாளிலிருந்து ஒரு மாதமாவது இருக்க வேண்டும். முதல் வருடம் எங்களிடமிருந்து பை வாங்கிய ஒரு அக்கா, மூன்றாவது வருடம் தானாகவே பிரிக்க வந்தார். நாங்கள் "போகலாம்" பெட்டியில் போட்ட ஒரு சின்ன ஜாக்கெட்டை எடுத்து, ஜிப்பை இழுத்தார், பாதியில் நின்றது, "வேண்டாம்" பெட்டியில் போட்டார். சின்ன ரிப்பேர்தானே அக்கா என்றான் ஒருவன். "அப்போ நீ ரிப்பேர் பண்ணிட்டுக் குடு. நான் வாங்கிட்டுப் போய் எங்கேப்பா தைப்பேன்" என்றார். அன்று மாலைக்குள் நாங்கள் ஏற்றுக்கொண்டதில் கிட்டத்தட்டப் பாதியை அவர் வெளியே தள்ளிவிட்டார்.

கட்டும்போது ஒருவர் வைக்கட்டும், இன்னொருவர் தாளைப் படித்து டிக் அடிக்கட்டும். கனமானது அடியில், சோப்பும் சோப்புத்தூளும் உணவோடு சேராமல் தனிப் பையில். வெளியே எண் மட்டும், உங்கள் குழுப் பெயர், நன்கொடையாளர் படம் எதுவும் வேண்டாம். கடையில் வாங்கி வந்த பை மாதிரியே இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானோ பரிசோ இருந்தால் அதைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள், சுற்றியும் கொடுக்காதீர்கள். பெற்றோரிடம் கொடுங்கள், வண்ணத் தாளும் டேப்பும் கூடவே வையுங்கள். அவர்கள் இரவில் சுற்றி வைத்துக் காலையில் கொடுப்பார்கள். அப்பா வாங்கி வந்தது என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

கொண்டு போகும் நாள்

ஒரு வண்டிக்கு மூன்று பேர்: ஓட்டுபவர், இரண்டு பேர் இறங்கிப் போக. ஒருவராகப் போவது கிடையவே கிடையாது. முந்தின நாள் மாலை போன் செய்து நேரம் சொல்லுங்கள், கிளம்பும்போது ஒரு தடவை சொல்லுங்கள், சொன்ன நேரத்துக்குப் போங்கள். அரை நாள் கூலியை விட்டுவிட்டு உங்களுக்காகக் காத்திருக்கிறவர்கள் இருப்பார்கள். ஒரே நிற டி-ஷர்ட், பேனர், வண்டியில் ஒலிபெருக்கி எதுவும் வேண்டாம். தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போனால் இன்னும் நல்லது.

வாசலில் பேச நிறைய இல்லை. "அக்கா, நேற்று பேசினோமே. இதை எங்கே வைக்க?" அவ்வளவுதான். கூப்பிட்டால் ஒழிய உள்ளே போகாதீர்கள், 18க்குக் கீழே இருப்பவர்கள் கூப்பிட்டாலும் பணிவாக மறுத்துவிடலாம். குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள், மறுக்காதீர்கள், அவர்களுக்கும் உங்களுக்குக் கொடுக்க ஒன்று இருக்கட்டும். நன்றி சொன்னால் "இருக்கட்டும் அக்கா" என்று சொல்லிவிட்டு நகருங்கள், பேச்சை வளர்க்க வேண்டாம். பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் வந்து "எங்களுக்கு இல்லையா" என்று கேட்பார், இது நடக்காத தெரு இல்லை. முறைக்காதீர்கள், கையில் இருக்கும் வேறொரு வீட்டுப் பையை உடைத்தும் கொடுக்காதீர்கள். குழு நம்பர் எழுதிய சீட்டைக் கொடுத்து, கூப்பிடச் சொல்லி, கூப்பிட்டால் உண்மையிலேயே எடுத்துப் பேசுங்கள்.

ஏதாவது ஒரு வீட்டில் பிள்ளை அடிபட்டுக் கிடப்பதையோ, யாராவது பயந்துபோய் நிற்பதையோ பார்த்தால், நீங்கள் விசாரிக்கத் தொடங்காதீர்கள். வெளியே வந்து அன்றைக்கே அந்தப் பெரியவரிடம் சொல்லுங்கள். குழு வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

படம். கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். பணம் கொடுத்தவர் கேட்பார், பள்ளி கேட்கும், உங்களுக்கே ஆசையாக இருக்கும். வாங்குகிற கையும் கொடுக்கிற கையும் ஒரே படத்தில் வேண்டாம் என்பது எங்கள் விதி. குடும்பத்திடம் சம்மதம் கேட்டுத்தான் எடுத்தோம் என்பார்கள் சிலர். மூட்டை வாசலில் இறங்கியிருக்கும்போது யாராவது மாட்டேன் என்று சொல்வார்களா? கட்டி வரிசையாக வைத்த பைகளை எடுங்கள், வியர்த்து வடியும் உங்கள் முகங்களை எடுங்கள், கணக்குத் தாளை எடுங்கள். அதைப் பார்த்து திருப்திப்படாத நன்கொடையாளர் அடுத்த தடவை வராவிட்டால் போகட்டும்.

அதற்குப் பிறகு

ஒரு வாரம் கழித்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு போன். "எப்படி இருந்தது" என்றால் "நல்லா இருந்துச்சுப்பா" என்றுதான் வரும். "எது பயன்படவில்லை, எது அளவு சேரவில்லை" என்று கேளுங்கள். ஷூ இறுக்கமாக இருந்தால் மாற்றிக் கொடுங்கள். அதற்காகத்தான் பில்லைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்வது. வரவு செலவு முழுக் கணக்கையும் கொடுத்த எல்லோருக்கும் அனுப்புங்கள், குடும்பங்களைப் பரிந்துரைத்த டீச்சருக்கும் நர்ஸுக்கும் எத்தனை வீடு முடிந்தது, எது நம்மால் முடியவில்லை என்று சொல்லுங்கள்.

அப்புறம் அந்த முதல் தாள், பெயரும் முகவரியும் இருந்தது. அடுத்த தடவையும் கூப்பிடுங்கள் என்று வாயால் சொன்ன குடும்பங்களின் நம்பரை மட்டும் பட்டியல் பொறுப்பாளர் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். மற்றதைக் கிழித்துப் போடுங்கள். கூகுள் ஷீட்டில் இருந்தால் அங்கும் அழியுங்கள், குப்பைக் கூடையிலிருந்தும் அழியுங்கள். வண்டி ஓட்டியவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய லொக்கேஷன்கள் இருக்கும், அவர் போனை வாங்கி அவர் முன்னாலேயே ஒவ்வொன்றாக நீக்குங்கள். எங்களுக்குப் போன தடவை இதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆயிற்று.